டேங்க் நம்பர் 2187

எங்கள் கம்பெனி பஸ் காலை ஆறு இருபதுக்கு சைனிக்புரி முனையிலிருந்து கிளம்பும். கிளம்பிய மூன்றாவது நிமிஷத்தில் பட்டாளத்து நினைவுப் பூங்கா வந்துவிடும். அங்கே சிமெண்டு மேடைமேல் இரண்டு பழைய டேங்குகள் நிற்கின்றன. முன்னால் நிற்பது நம்முடையது, மூக்கை ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வேப்ப மரத்தடியில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது அறுபத்தைந்து சண்டையில் எதிரியிடமிருந்து பிடித்துவந்தது.

அந்த இடம் வந்ததும் கேட் செக்யூரிட்டி அய்யாக்கண்ணு தன் சீட்டிலிருந்து எழுந்து நிற்பார். பஸ் எவ்வளவு ஆடினாலும் கம்பியைப் பிடிக்காமல், முன்னால் நிற்கும் டேங்குக்கு ஒரு சல்யூட் அடிப்பார். பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். பதினோரு வருஷமாக இது ஒருநாள் தவறியதில்லை. பதினோரு வருஷமாக அதைக் கிண்டல் செய்ய நானும் தவறியதில்லை.

நான் குணசேகரன், ஸ்டோர்ஸில் சீனியர் அசிஸ்டெண்ட். என் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்காக செகந்தராபாத் வந்தவர். அன்றிலிருந்து எங்களுக்கு இதுதான் ஊர். ராமச்சந்திராபுரத்தில் எங்கள் தொழிற்சாலைக்குள் ஒரு பொருள் நுழைந்தால் அது என் ரிஜிஸ்டரில் ஏறாமல் ஓரடி நகர முடியாது. ஏறினதும் அதன் உடம்பில் வெள்ளைப் பெயிண்டில் வரவு நம்பர் விழும். மழையில் கிடக்கும் இரும்புப் பாளத்துக்கும் நம்பர், உடைந்த நாற்காலிக்கும் நம்பர். ஒருமுறை யார்டுக்குள் வந்து படுத்துக்கொண்ட எருமைக்கும் புதிதாகச் சேர்ந்த ஹெல்ப்பர் ஒருவன் நம்பர் போட்டுவிட்டான். எருமைக்காரன் ஒரு வாரம் எங்களைத் திட்டிக்கொண்டு திரிந்தான்.

வீட்டிலும் நான் அப்படித்தான். வாளி ஒன்று, வாளி இரண்டு, முக்காலி மூன்று. "ஒருநாள் தூங்கி எழுந்தா என் நெத்தியிலயும் நம்பர் இருக்கும்" என்பாள் என் மனைவி கனகம். எனக்கு அது வசவாகத் தெரியவில்லை. நம்பர் இருந்தால்தான் ஒரு பொருள் தொலையாது.

அய்யாக்கண்ணுவிடம் எனக்கு இருந்த வழக்கும் நம்பர் வழக்குதான். அவர் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் டேங்க் ஓட்டியவர். எழுபத்து நாலில் எங்கள் கம்பெனியில் சேர்ந்தார். சேர்ந்த முதல் நாளே பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அது எங்க டேங்கு" என்று எழுந்து நின்றுவிட்டார். நான் விடுவேனா?

"அய்யாக்கண்ணு, உன் டேங்க் நம்பர் என்ன?"

"கடைசி மூணு 614 சார்."

"அங்க என்ன எழுதியிருக்கு?"

"2187 சார்."

"அப்ப அது யாரோட டேங்க்?"

"எங்களுது சார்."

பஸ்ஸே சிரிக்கும். எனக்குப் பெருமையாக இருக்கும். இந்தக் கேள்வி பதிலை நாங்கள் ஐந்நூறு தடவையாவது நடத்தியிருப்போம். வலது பக்கத்தில் குண்டு பட்டுப் பிளந்த இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெல்டு இருக்கும், அது தன் கண் முன்னால் போட்ட வெல்டு என்பார். டேங்க் என்றால் வெல்டு இருக்காமல் பூவேலையா இருக்கும் என்பேன் நான்.

ஒருநாள் அவர் இன்னொன்று சொன்னார். "டேங்குக்குள்ளயே தண்ணி காய்ச்ச ஒரு பொட்டி இருக்கும் சார். சண்ட நடக்கசொல்லவே டீ போட்டுக் குடிப்போம். எங்க கன்னர் பழனிசாமிக்குன்னு தனி மக்கு. வேற எவனும் அதத் தொடக் கூடாது. தொட்டான்னு வெச்சிக்கோ, பீரங்கிய வுட்டுட்டு நம்மகிட்ட சண்டைக்கி வருவான்."

"நக்கோ அய்யாக்கண்ணு, நக்கோ, வேணாம்! அது டேங்க்கா, இரானி ஹோட்டலா? சமோசா கிடைக்குமா?"

அன்றிலிருந்து அவர் பெயர் 'இரானி அய்யாக்கண்ணு' ஆயிற்று. பெயர் வைத்தவன் நான். அவரும் எல்லோருடனும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் காலை எழுந்து நின்று சல்யூட்டும் அடித்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எண்பத்தைந்து செப்டம்பர் வந்தது. சண்டை முடிந்து இருபது வருஷம் ஆகிறது, இரண்டு டேங்குகளின் வரலாற்றையும் பித்தளைத் தகட்டில் பொறித்து மேடையில் பதிக்க வேண்டும் என்று சைனிக்புரியில் இருக்கும் ரிட்டயர்டு கர்னல் ஒருவர் கிளம்பினார். பூங்காக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். தகடு எங்கள் கம்பெனி உபயம். எழுபத்திரண்டில் அந்த டேங்குகளுக்குத் துரு நீக்கிப் பெயிண்ட் அடித்து மேடை கட்டிக் கொடுத்ததும் எங்கள் கம்பெனிதான் என்பதால் அந்தப் பழக்கத்தில் இதையும் ஒப்புக்கொண்டார்கள்.

நிர்வாக அதிகாரி ஜகதீசன் என்னைக் கூப்பிட்டு ஒரு ஃபைலை நீட்டினார்.

"குணசேகரன், கர்னல் மிலிட்டரில மூணு இடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கார். 2187ங்கற நம்பர்ல எங்ககிட்ட டேங்க்கே இருந்ததில்லைன்னு மூணு இடத்துலேர்ந்தும் பதில் வந்துடுத்து. நீங்கதான் ரெக்கார்டு ஆளு. எங்கேயாவது தோண்டித் துருவி ஆறு வரி எழுதிக் கொடுங்கோ. செவ்வாய்க்கிழமை தகடு வெட்டறவன்கிட்ட போயாகணும்."

"ஒண்ணும் கிடைக்கலேன்னா சார்?"

"1965 போரில் பங்கேற்ற டேங்க்னு பொதுவா போட்டுட்டு விட்டுடலாம். யாரு கேக்கப்போறா?"

கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். அன்று மத்தியானம் கேண்டீனில் நான் புளியோதரைத் தட்டோடு உட்கார்ந்தபோது அய்யாக்கண்ணு எதிரே வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தகட்டுல நீங்கதான் எழுதறீங்களாமே சார்."

"ஆமா. ஏன், உன் பேரையும் போடணுமா?"

"என் பேரு வாணாம் சார். டேங்க் எங்களுதுன்னுகூட வாணாம். பழனிசாமி பேரு மட்டும் போடணும்."

நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதனால் எனக்கும் வரவில்லை. அவர் நின்றபடியே சொன்னார்.

"செப்டம்பர் பதினொண்ணு, மத்தியானம். மேல இருந்த கமாண்டருக்கு அடிபட்டுடிச்சி. அவரத் தூக்கி உள்ள எறக்கணும்னு பழனிசாமி ஏறினான். எறக்கிட்டான். அவன்தான் எறங்கல. அங்கயே எரிச்சோம் சார். ஊருக்குத் தந்தி போச்சி. லீவுல நானு பென்னாகரம் பக்கத்துல அவன் ஊருக்குப் போனேன். அவங்கம்மா அந்தத் தந்திய மடிச்சி அரிசிப் பானையில வெச்சிருந்தாங்க. தெனம் ஒருக்கா கைல எடுத்துப் பாப்பாங்களாம். அவங்களும் போயிட்டாங்க. அவனுக்கு ஒரு கல்லு கெடையாது, ஒரு போட்டோ கெடையாது. இப்டி ஒருத்தன் இருந்தான்னு சொல்றதுக்கு நானு ஒருத்தன்தான் பாக்கி. நானும் போயிட்டா அவ்ளோதான்."

"நம்பர் சேரலையே அய்யாக்கண்ணு" என்றேன். ஃபைலைத் திறந்து மூன்று கடிதங்களையும் காட்டினேன். "அந்த டேங்க் உன்னுதுன்னு ஆதாரம் இல்லாம அவர் பேரை எப்படி எழுதறது? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன காட்டுவேன்?"

அவர் கடிதங்களைப் பார்க்கவே இல்லை. "என்னப் பொய்க்காரன்னே வெச்சிக்கோங்க சார். பதினோரு வருசம் சிரிச்சீங்க, நானும் கூடச் சேந்து சிரிச்சேன். அது பரவால்ல. அவன் பேர மட்டும் வுட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. கேண்டீன்காரன் புளியோதரையில் உப்பு போடவில்லை என்று அவனைப் பிடித்துச் சத்தம் போட்டேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு நோட்டுப் புத்தகமும் டேப்பும் எடுத்துக்கொண்டு பூங்காவுக்கு நடந்தே போனேன். பொருளை நேரில் பார்க்காமல் காகிதத்தில் எழுதக் கூடாது என்று ஸ்டோர்ஸில் சேரும் ஒவ்வொருவனுக்கும் பாடம் எடுப்பவன் நான். இந்த டேங்க் விஷயத்தில் மட்டும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே பதினோரு வருஷமாகத் தீர்ப்புச் சொல்லிவந்திருக்கிறேன். அந்த நினைப்பே கொஞ்சம் உறுத்தியது.

முதலில் நம் டேங்க். முன் தகட்டில் கட்டம் கட்டி, நிழல் வைத்து, சினிமா பேனர்காரன் எழுதியதுபோல 2187. ஜனவரிக்கு ஜனவரி பூங்காக் கமிட்டி பெயிண்டரை வைத்து புதுப்பிப்பது வழக்கம். ஒவ்வொரு பெயிண்டரும் தன் பங்குக்கு அந்த நம்பருக்கு ஒரு நகை போட்டிருந்தான். வலது பக்கம் போனேன். பெயிண்டுக்கு அடியில் புடைத்துக்கொண்டு ஒரு வெல்டு. டேப் வைத்தேன். ஒன்பதரை அங்குலம். என் கையாலும் அளந்து பார்த்தேன். சரியாக ஒரு சாண்.

சரி, வெல்டு எல்லா டேங்குக்கும் இருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, எதிரியின் டேங்கைப் பார்க்க வேப்ப மரத்தடிக்குப் போனேன். அதன் முன்பக்கத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். அதிலும் கட்டம் கட்டி, நிழல் வைத்து ஒரு நம்பர்.

2188.

நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதியதற்குக் கீழே ஒரு கோடும் போட்டேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. சண்டைக்கு முந்தின நாள் இரண்டு பட்டாளமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, நீ 2187 வைத்துக்கொள், நான் 2188 வைத்துக்கொள்கிறேன் என்று பங்கு பிரித்துக்கொண்டார்களா? எதிரெதிராகச் சுட்டுக்கொண்ட இரண்டு டேங்குக்கு எப்படி அடுத்தடுத்த நம்பர் வரும்?

ஒரே வாசல் வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்திருந்தால் வரும். அந்த வாசலில் ஒருவன் ரிஜிஸ்டரும் வெள்ளைப் பெயிண்டுமாக உட்கார்ந்திருந்தால் வரும்.

அந்த எருமை ஞாபகத்துக்கு வந்தது. நான் சிமெண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுபத்திரண்டில் டேங்குகள் பெயிண்டுக்காக எங்கள் கேட்டுக்குள் வந்தபோது வரவுப் பிரிவில் இருந்தவன் நான். ஒரு லட்சம் நம்பர் போட்ட கை, இந்த இரண்டை மறந்துவிட்டது. வரவு நம்பருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் வருஷமும் இருக்கும். அது எந்த மழையிலோ அழிந்திருக்கிறது. மிச்சமிருந்த நாலு எண்ணைப் பட்டாளத்து நம்பர் என்று நம்பி, பெயிண்டர்கள் பயபக்தியோடு மேலே மேலே பூசிக் காப்பாற்றிவந்திருக்கிறார்கள். கர்னல் ஒருவர் மூன்று ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நான் அதை வைத்து ஒரு மனுஷனைப் பதினோரு வருஷம் பொய்யனாக்கியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கனகத்திடம் சொன்னேன். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"அந்த எருமையாவது குளத்துல இறங்கிக் கழுவிக்கிச்சு. பாவம், டேங்க் என்ன பண்ணும்?"

"போதும் நிறுத்து."

"கைக்கு, எதுக்கு என்மேல கோவப்படறீங்க? போய் அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க."

"என்னன்னு சொல்றது? 2187 பொய்ன்னு ஆயிடுச்சு, ஹவ், ஆமா. அதனால 614 உண்மைன்னு ஆயிடுமா? ஆதாரம் வேணும்."

"உங்களுக்கு ஆதாரம் வேணும். அவருக்கு வேண்டாமே" என்று சொல்லிவிட்டு அவள் தோசையைத் திருப்பப் போனாள்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? டேங்க் உடம்பில் பழைய நம்பர் இருக்க வழியே இல்லை. எங்கள் பெயிண்ட் ஷாப்காரர்கள் வேலையில் சுத்தம். பளபளவென்று இரும்பு தெரியும்வரை சுரண்டாமல் பிரஷ்ஷைத் தொட மாட்டார்கள். அடித்து முடித்ததும் எங்கள் வரவு நம்பரை மட்டும் திரும்ப எழுதுவார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு வழி, வரவு ரிஜிஸ்டர். 'பொருளின் மேல் காணப்படும் குறிகள்' என்று அதில் ஒரு கட்டம் உண்டு. மற்ற கிளார்க்குகள் அதில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்கள். நான் மட்டும் அட்டைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஈயைக்கூட எழுதிவைப்பேன் என்று என்னைக் கேலி செய்வார்கள்.

பத்து வருஷம் தாண்டிய ரிஜிஸ்டர்களை எரித்துவிட வேண்டும் என்பது விதி. எழுபத்திரண்டாம் வருஷத்து ரிஜிஸ்டர் மூன்று வருஷத்துக்கு முன்பே சாம்பலாகியிருக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் ரெக்கார்டு ரூமைத் திறந்துவிட்ட நாகம்மா, நான் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். ஸ்டோர்ஸில் எந்தச் சாமான் எந்த மூலையில் இருக்கிறது என்பது எனக்குக் காகிதத்தில் தெரியும், அவளுக்குக் கண்ணை மூடினாலே தெரியும்.

"மீரே கதா சார் கால்ச்செய்யமன்னாரு!" என்றாள். எரித்துவிடச் சொன்னது நீங்கள்தானே என்கிறாள். உண்மைதான். எரிக்கச் சொல்லி மூன்று நினைவூட்டுக் கடிதம் எழுதியவன் நான்.

"எரிச்சாச்சா நாகம்மா?"

"லேது சார், எரிக்கல. அதுக்கு ஒரு கமிட்டி கூடணுமாம். கூடவே இல்ல."

கமிட்டிகளை இனிமேல் வாழ்நாளில் திட்ட மாட்டேன் என்று அந்த நிமிஷமே மனசுக்குள் சத்தியம் செய்தேன்.

ரிஜிஸ்டர் கிடைத்தது. எலி ஒரு மூலையைத் தின்றிருந்தது. தூசியைத் தட்டிப் பக்கத்தைப் புரட்டினேன். 17 நவம்பர் 1972. வரவு எண் 2187. என் கையெழுத்து, அப்போது இன்னும் கொஞ்சம் அழகாக இருந்தது. எழுதியிருந்ததை நின்றபடியே படித்தேன்.

'பழைய டேங்க், ஒன்று. முன்புறம் மங்கிய வெள்ளை எழுத்தில் நம்பர், முதல் எழுத்துகள் அழிந்துள்ளன, கடைசி மூன்று 614. வலது பக்கம் வெல்டு ஒட்டு, நீளம் ஒன்பதரை அங்குலம். உள்ளே இருந்தவை: தண்ணீர் கொதிக்கவைக்கும் பெட்டி, ஒன்று. எனாமல் மக், ஒன்று, அடியில் கீறல்கள் உள்ளன. மக் தனியாக எடுத்து 43-சி அலமாரித் தட்டில் வைக்கப்பட்டது. உரியவர் தெரியவில்லை.'

கீழே என் சுருக்கக் கையெழுத்து.

வெல்டை அன்றைக்கும் நான் அளந்திருக்கிறேன். கொதிக்கும் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். இரானி ஹோட்டலா என்று பஸ் முழுக்கச் சிரிக்கவைத்த நான், அதே பெட்டியை என் கையாலேயே எழுதிவைத்திருக்கிறேன். ஒரு பொருளுக்கு நம்பர் இருந்தால் தொலையாது என்று பீற்றிக்கொண்ட நான், ஓர் ஆளையே என் ரிஜிஸ்டருக்குள் தொலைத்து வைத்திருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில் அப்படி ஒரு வெட்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

"நாகம்மா, 43-சி இன்னும் இருக்கா?"

"உந்தி சார், இருக்கு. உரியவர் தெரியாத சாமானை யாரு எடுப்பாங்க?"

ஐந்து நிமிஷத்தில் கொண்டுவந்துவிட்டாள். வெள்ளை மக், நீலக் கரை, காதுப் பக்கம் எனாமல் உதிர்ந்து துரு. கயிற்றில் நான் கட்டிய அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அடிப்பாகத்தில் ஒரே கரி. நாகம்மா புடவைத் தலைப்பில் எச்சில் தொட்டுத் தேய்த்தாள். கீறல்கள் ஒவ்வொன்றாக எழுத்துகளாயின. ஆணியால் கீறிய தமிழ் எழுத்து. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. "ஏமுந்தி சார்?" என்று கேட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்கிறாள். மக்கையும் ரிஜிஸ்டரையும் தூக்கிக்கொண்டு ஜகதீசனிடம் ஓடினேன்.

ஜகதீசன் ரிஜிஸ்டரைப் படித்தார். மக்கைத் திருப்பிப் பார்த்தார். அய்யாக்கண்ணு கேண்டீனில் சொன்னதை நான் சொன்னேன். உடனே கர்னலுக்குப் போன் போட்டார். மறுமுனையில் கர்னல், "பெயரை எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னாராம். நான் எழுதினேன். ஆறு வரி கேட்டார்கள். எனக்கு இரண்டே வரிதான் வந்தது. 614 என்ற எண்ணில் முடியும் டேங்க். இதில் போரிட்டு, தன் கமாண்டரைக் காப்பாற்றும்போது 1965 செப்டம்பர் 11 அன்று உயிர் நீத்தவர் கன்னர் பழனிசாமி, பென்னாகரம்.

"சரி, டேங்க்மேல இருக்கற 2187ஐ அழிச்சுடலாமா சார்?" என்று கேட்டேன்.

"அதுக்கு ஒரு கமிட்டி போடணும்" என்றார் ஜகதீசன். அதனால் அது இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது.

மக்கை உரியவரிடம் சேர்ப்பது என் பொறுப்பு. கம்பெனியை விட்டு ஒரு குண்டூசி வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். நானே எழுதி, நானே ஜகதீசனிடம் கையெழுத்து வாங்கி, மக்கைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு சாயங்காலம் கேட்டுக்குப் போனேன். ஷிப்ட் முடியப் பத்து நிமிஷம் இருந்தது. கேட் மேஜையில் அய்யாக்கண்ணு.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். கேண்டீனுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அன்று காலையில் பஸ்ஸில் அவர் சல்யூட் அடித்தபோதுகூட நான் கிண்டல் செய்யாமல் வந்திருந்தேன். பாஸை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"எனாமல் மக்கு ஒண்ணு. இதுக்குப் போயி கேட் பாஸா சார்?"

"ரூல்னா ரூல்தானே."

"அப்ப பொருளக் காட்டுங்க சார். பாக்காம வுட மாட்டேன்."

பேப்பரைப் பிரித்து, மக்கைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தேன்.

குனிந்து பார்த்தார். இரண்டு வரி இருந்தது. முதல் வரியில் 'பழனிசாமி'. இரண்டாவது வரியில் 'தொடாதே'.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கை மக்குக்குப் பக்கத்தில் வந்து, ஓர் அங்குலம் தள்ளி நின்றுவிட்டது.

"தொடாதேன்னு போட்டிருக்கான் சார்" என்றார். சிரித்தார். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "செத்தும் திட்றான் பாருங்க சார்."

எனக்கு முன்னேற்பாடாக நாலு வாக்கியம் மனப்பாடமாக இருந்தது. ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "614தான் அய்யாக்கண்ணு. என் கையெழுத்துலயே இருந்துச்சு, பதிமூணு வருஷமா. 2187 நம்ம ஸ்டோர்ஸ் நம்பர். நான் போட்டது. தகட்டுல அவர் பேர் ஏறுது, நாளைக்கு வெட்டறாங்க. நீங்க என்னை மன்னிக்கணும்" என்றேன். அவரை நான் 'நீங்க' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தண்ணி காய்ச்சற பொட்டி?" என்றார்.

"அதுவும் எழுதியிருக்கேன். ஒன்றுன்னு."

"அப்ப இரானி ஹோட்டல்தான் சார்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளிச்செல்லும் பொருள் ரிஜிஸ்டரை இழுத்தார். வேலையில் அவரும் என்னைப்போலத்தான். தேதி எழுதினார். நேரம் எழுதினார். பொருள்: எனாமல் மக், ஒன்று. அடுத்த கட்டம், எடுத்துச் செல்பவர் பெயர். பேனா அங்கே நின்றது. நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, எழுத்துக்கு எழுத்து நிதானமாக, 'பழனிசாமி' என்று எழுதினார்.

என் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு கட்டத்தில் தப்பான பெயர் ஏற நான் விட்டதில்லை. சிவப்பு மையால் சுழித்து, எழுதினவனை நிற்கவைத்துக் கேட்டிருக்கிறேன்.

பேனாவை அவர் கையிலிருந்து வாங்கி, அந்தப் பெயருக்கு நேரே 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.